மூன்றாவது சூட்கேஸும் ஒரு கிரெடிட் கார்டும்

போன வாரம் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டைத் திறந்தேன். நடுவில் ஒரு வரி சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தது. ஆண்டுக் கட்டணம். பயணத்துக்கென்றே வாங்கிய கார்டு இது. மைல்ஸ் (சேர்த்து வைத்தால் விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம்), விமான நிலைய லவுஞ்ச், ஹோட்டல் வவுச்சர் என்று எல்லாம் தரும் வகை. வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. முதல் நான்கு வருடமும் இந்த வரியைப் பார்த்தவுடன் "சரி, அதுக்கு மேலேயே எடுத்துடறோமே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இந்த முறை அதையே அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்விதான். "போன வருஷம் நீ எத்தனை தடவைடி ஃப்ளைட் ஏறினே?"

மூன்று பயணம். அதில் ஒன்றுக்கு டிக்கெட் போட்டது அலுவலகம், அவர்கள் கார்டில்.

அன்று ராத்திரி பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொகையைச் சொன்னால் ஆளாளுக்குத் தங்கள் கார்டோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவீர்கள், அதனால் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். கார்டோடு வந்த பளபளக்கும் கையேட்டின்படி அந்த 100-க்கு எனக்குக் கிடைப்பது 260. நான்கு வருடமாக நான் நம்பிய கணக்கு இதுதான். அந்த 260 அவர்கள் ஒட்டிய விலை என்பது மட்டும் ஏனோ உறைக்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டியது வேறு: இந்தக் கார்டு என்னிடம் இல்லாமலே இருந்திருந்தால் இதற்கெல்லாம் கைக்காசு எவ்வளவு கொடுத்திருப்பேன்?

லவுஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க நான் உள்ளே போனது நான்கு தடவை. அதில் ஒரு தடவை வாசலிலேயே வரிசை. அரை மணி நேரம் நின்று உள்ளே போனால் காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி, அதன் பக்கத்துப் பிளக்பாயின்ட் வேலை செய்யவில்லை, போனில் 11 சதவீதம் சார்ஜ். தட்டில் எதையோ எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் போர்டிங் அறிவிப்பு. அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். இதற்குத்தான் கையேட்டில் ஒரு பெரிய எண்ணைப் போட்டு வைத்திருக்கிறார்கள். லவுஞ்ச் இல்லையென்றால் வெளியே ஏதாவது வாங்கிக் குடித்துவிட்டு கேட் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்தச் செலவு நான்கு தடவைக்கும் சேர்த்து 12. அவ்வளவுதான் என் லவுஞ்சின் மதிப்பு.

ஹோட்டல் வவுச்சருக்குக் கையேட்டில் 60. அந்த ஒரு நிறுவனத்தின் ஹோட்டலில்தான் செல்லும். நான் வழக்கமாகத் தங்கும் இடத்தின் வாடகை அதில் பாதிகூட வராது. அந்த இலவச ராத்திரிக்காகவே அங்கே போய், வந்ததுதான் வந்தோம் என்று இன்னொரு ராத்திரியும் சொந்தக் காசில் தங்கினேன். பெரிய மனசு பண்ணி 20 போட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டுச் செலவில் மிச்சமான அந்நியச் செலாவணிக் கட்டணம் 9. பயணக் காப்பீடு ஒருமுறைகூடப் பயன்படவில்லை, ஆனாலும் தனியாக எடுத்திருந்தால் ஏதோ கொடுத்திருப்பேன், 8.

அப்புறம் பாயின்ட். இந்த இடத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம். என் செலவுக்கு வருடத்தில் சேர்ந்த பாயின்டின் மதிப்பு 40. ஆனால் இதை ஒன்றுமே இல்லாததோடு ஒப்பிடக் கூடாது. கட்டணமே இல்லாத ஒரு சாதா கேஷ்பேக் கார்டில் அதே செலவைச் செய்திருந்தால் 30 கையில் வந்திருக்கும். ஆக, இந்தக் கார்டு கூடுதலாகத் தந்தது 10.

கூட்டினால் 59. கொடுத்தது 100. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதை.

"கட்டணத்தை ஏன் கட்டுகிறீர்கள், இவ்வளவு செலவு செய்தால் தள்ளுபடி உண்டே" என்று யாராவது கமென்டில் வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வருடம் அதையும் செய்தேன். பதினொரு மாதம் முடிந்தபோது அந்த இலக்குக்குக் கொஞ்சம் குறைந்தது. என்ன வாங்கலாம் என்று யோசித்து (எதுவும் தேவையில்லாதபோது என்ன வாங்கலாம் என்று யோசிப்பது ஒரு தனி வியாதி) ஒரு சூட்கேஸ் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. நம் கணக்கில் அதன் விலை 130. 100-ஐ மிச்சம் பிடிக்க 130. அதன் கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, உள்ளே பழைய போர்வைகள் இருக்கின்றன.

படித்தவள்தான், கூட்டல் கழித்தல் தெரியும். அப்படியும் ஏன் நான்கு வருடம்? 1985-இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஓஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்கு மட்டும் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி, அவர்கள் கேட்டு வாங்கியது இல்லை. அதே நாடகம், அதே நாற்காலி. ஆனால் சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். கொடுத்த காசு நம்மைக் கழுத்தைப் பிடித்து அழைத்துப் போகிறது. நானும் அப்படித்தான், கட்டணம் கட்டியிருக்கிறோமே என்று லவுஞ்சுக்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். தூக்கத்தைக் கொடுத்து ஒரு நாற்காலியை வாங்கியிருக்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. கார்டு உலோகம். மேஜையில் வைத்தால் டங் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். வருடத்துக்கு மூன்று தடவை விமானம் ஏறும் நான், அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எப்போதும் எங்கேயோ கிளம்பிக்கொண்டே இருக்கும் ஆள் மாதிரி உணர்ந்தேன்.

மைல்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏஅட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது விஷயம் எளிமையாக இருந்தது, பறந்தால் மைல். 1987-இல் சிட்டிபேங்கோடு சேர்ந்து கார்டு வந்தது. அதற்கப்புறம் மைல் சேர்க்கப் பறக்கவே வேண்டாம், செலவு செய்தால் போதும். இன்றைக்கு விமான நிறுவனங்கள் மைலை மொத்த விலைக்கு வங்கிகளுக்கு விற்கின்றன, வங்கிகள் அதை நமக்குத் தருகின்றன. இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைட்டெட் ஏர்லைன்ஸ் கடன் திரட்ட அடமானம் வைத்தது தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை. அதற்குச் சொன்ன மதிப்பு ஏறக்குறைய 2,200 கோடி டாலர். அன்றைக்குப் பங்குச் சந்தையில் அந்த மொத்த நிறுவனத்தின் மதிப்பே அவ்வளவு இல்லை. டெல்டா ஏர்லைன்ஸும் அதே வருடம் தன் மைல் திட்டமான ஸ்கைமைல்ஸை வைத்துக் கடன் வாங்கியது.

அப்படியென்றால் நாம் சேர்த்து வைப்பது எந்த மாதிரி பணம்? அச்சடிப்பவரும் அவரே, அதைக் கொண்டு வாங்கும் பொருளுக்கு விலை போடுபவரும் அவரே. 2015-இல் டெல்டா, எங்கே போக எத்தனை மைல் என்று காட்டும் பட்டியலையே தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. என் கதை அவ்வளவு பெரியதில்லை. ஒரு நீண்ட பயணத்துக்கு மூன்று வருடமாக மைல்ஸ் சேர்த்தேன், தொட்டுவிடும் தூரம் வந்தபோது அந்த விமான நிறுவனம் தேவையான மைலை உயர்த்திவிட்டது. இலவு காத்த கிளிதான். பாயின்ட்டுக்கு வட்டி கிடையாது, வைத்திருக்க வைத்திருக்கத் தேயும். பயணம் போக வழி இருக்கும்போதே செலவழித்துவிடுங்கள், சேமிப்பு மாதிரி பூட்டி வைக்காதீர்கள்.

சலுகைகளும் அப்படித்தான், எந்த வருடம் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் டெல்டா, கார்டு வைத்திருப்பவர்கள் லவுஞ்சுக்குள் வருவதற்கு எண்ணிக்கை வரம்பு அறிவித்தது. பெரிய கூச்சல். சில வாரங்களில் அதன் தலைவர் எட் பாஸ்டியனே அளவுக்கு மீறிப் போய்விட்டோம் என்று ஒப்புக்கொண்டு கொஞ்சம் தளர்த்தினார். தளர்த்தினாரே தவிர வரம்பு போகவில்லை.

சரி, 59-தான் வருகிறது என்று தெரிந்துவிட்டது, உடனே கேன்சல் பண்ணிவிட வேண்டியதுதானே? நானும் அந்தக் கோபத்தில்தான் போனை எடுத்தேன். நல்லவேளை, நேரம் இரவு பன்னிரண்டரை, தூக்கம் வந்துவிட்டது.

காலையில் யோசித்தால் சில விஷயங்கள் இடித்தன. இது என்னிடம் இருப்பதிலேயே பழைய கார்டு, பெரிய லிமிட் உள்ளதும் இதுதான். என் இரண்டு கார்டின் மொத்த லிமிட் 10 பங்கு என்றால் இதில் மட்டும் 6. மாதம் நான் செலவு செய்வது 2 பங்கு. இப்போது பார்த்தால் பயன்பாடு 20 சதவீதம். இதை மூடிவிட்டால் அதே செலவு, மிச்சமிருக்கும் 4-இல் 2, ஐம்பது சதவீதம். ஒரு பைசா கூடுதலாகச் செலவு செய்யாமலே கடனில் முங்குகிற ஆள் மாதிரி கிரெடிட் ஸ்கோரில் (கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) தெரிவேன். அந்த ஸ்கோரைக் கணக்கிடும் அமெரிக்காவின் ஃபைகோ முறையில் நிலுவைத் தொகை சார்ந்த விஷயங்களுக்கு 30 சதவீதமும் கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15 சதவீதமும் எடை கொடுக்கிறார்கள். மற்ற இடங்களில் கணக்கு கொஞ்சம் மாறும், போக்கு இதுதான். அடுத்த சில மாதங்களில் பெரிய கடன் எதுவும் வாங்கப் போவதில்லை என்றால் இதற்காக ரொம்பவும் அலட்டிக்கொள்ள வேண்டாம். நான் வாங்கப் போகிறேன்.

பாயின்ட் விஷயமும் உண்டு. வங்கியின் கணக்கில் கிடக்கும் பாயின்ட் பெரும்பாலும் கார்டை மூடியதும் போய்விடும். விமான நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிவிட்டால் அது உங்களோடு இருக்கும். இன்னொன்று யாரும் சொல்வதில்லை. என் தோழி ஒருத்தி கார்டை மூடின மறு மாதம், அந்தக் கார்டில் எடுத்திருந்த டிக்கெட்டை விமான நிறுவனமே ரத்து செய்தது. ரீஃபண்ட் போய் விழுந்தது மூடின கார்டில். அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அவள் நடந்த நடையில் விமானமே தேவைப்பட்டிருக்காது. பயணம் பாக்கி இருக்கும்போது மூடாதீர்கள், காப்பீடும் அந்தக் கார்டைச் சார்ந்துதான் இருக்கும்.

ஆக நடுவழி. அதே வங்கியின் கட்டணமில்லாத கீழ் வகைக் கார்டுக்கு மாற்றிக்கொள்வது. இப்படி ஒன்று இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியவில்லை, வங்கியும் தானாக வாயைத் திறக்காது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு "கேன்சல்" என்ற வார்த்தையைச் சொன்னதுதான் தாமதம், அதுவரை தூங்கி வழிந்த குரல் தேனாகிவிட்டது. "மேடம், உங்களை மாதிரி பழைய கஸ்டமரை நாங்க விடுவோமா, ஒரு நிமிஷம் லைன்ல இருங்க." ஒரு நிமிடம் என்றது ஒன்பது நிமிடம். திரும்பி வந்து தந்த சலுகை: நம் கணக்கில் 30 பெறும் போனஸ் பாயின்ட். அதைக் கழித்தாலும் கட்டணம் 70, எனக்குக் கிடைப்பது 59. அதுவும் மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்தால் மட்டுமே. எனக்கு அந்தச் சூட்கேஸ் கண் முன்னால் வந்து நின்றது. பாதிக் கட்டணத்தைத் தள்ளியிருந்தால், உண்மையைச் சொல்கிறேன், இன்னொரு வருடம் வைத்துக்கொண்டிருப்பேன். அதனால் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் நஷ்டமில்லை.

மாற்றச் சொல்வதற்கு முன் நான் துருவித் துருவிக் கேட்டேன். கணக்கு பழைய தேதியிலேயே தொடருமா, லிமிட் குறையுமா, பாயின்ட் நிற்குமா, இப்போது போட்ட கட்டணம் திரும்ப வருமா. கட்டணம் போட்ட கொஞ்ச நாளைக்குள் கேட்டால்தான் பல வங்கிகள் திருப்பித் தரும், ஆறு மாதம் கழித்து ஞானோதயம் வந்து பிரயோஜனமில்லை. எனக்குத் திரும்ப வந்தது. லிமிட்டும் அப்படியே. நஷ்டமும் ஒன்று உண்டு: கீழ் வகைக் கார்டைப் புதிதாக வாங்குகிறவர்களுக்குத் தரும் வரவேற்புப் போனஸ் இப்படி மாறி வருகிறவர்களுக்குக் கிடையாது. கார்டு எண்ணும் மாறியதால் தானாகக் கட்டணம் பிடிக்கும் இரண்டு சந்தாக்கள் நின்றுபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைச் சரிசெய்வதிலேயே போனது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் கார்டை இறக்கிவிடாதீர்கள். மாதம் இரண்டு தடவை பறக்கும் என் இன்னொரு தோழிக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தோம், அவளுக்கு 180 வந்தது. லவுஞ்ச் அவளுக்கு இன்னொரு அலுவலகம். அவள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். பில்லை முழுசாகக் கட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பதிவே வேண்டாம். பாயின்ட் தருவது ஒன்றிரண்டு சதவீதம், வட்டி அதைப்போலப் பல மடங்கு, முதலில் கடனை அடையுங்கள்.

பழைய கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டப் பார்த்தேன். கத்தரிக்கோலில் ஒரு பள்ளம் விழுந்தது, கார்டில் கீறல்கூட இல்லை. போன் செய்து கேட்டால், உலோகக் கார்டை வெட்ட வேண்டாம் மேடம், உறை ஒன்று வரும், அதில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். உறை இன்னும் வரவில்லை. அதுவரை கார்டு மூன்றாவது சூட்கேஸில், போர்வைகளுக்கு அடியில் கிடக்கிறது.