கேஸ் வென்றாச்சு, விசா எங்கே?

பிரிட்டனில் குடும்ப விசா மேன்முறையீட்டில் வென்றவர்களுக்கு நாம் வாழ்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் அவர்களுடைய மோசமான காலம் தொடங்குகிறது என்பதை நண்பன் ஒருவன் படும் பாட்டில் பார்க்கிறேன். அவன் லண்டனில், மனைவி யாழ்ப்பாணத்தில். தீர்ப்பு வந்து மாதங்கள் ஆகின்றன, விசா வரவில்லை.

பலருக்கு இது விளங்குவதில்லை. தீர்ப்பாயம் விசா கொடுக்காது. மறுத்தது சட்டப்படி சரியில்லை என்று மட்டுமே சொல்லும். அதை எதிர்த்து மேலே போக அனுமதி கேட்க உள்துறை அமைச்சுக்கு 14 நாள். கேட்காமல் விட்டால் கோப்பு மறுத்த துறைக்கே திரும்பப் போகும். அங்கே எத்தனை நாளுக்குள் விசா கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எந்தக் கெடுவும் இல்லை.

நமக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் கெடு. வெளிநாட்டிலிருந்து மேன்முறையீடு செய்ய 28 நாள், பிந்தினால் காரணம் சொல்லி மன்றாட வேண்டும். விசாவுக்குக் கேட்கும் காசநோய்ச் சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும். வழக்கு முடிவதற்குள் அது காலாவதியாகிவிடும். நண்பனின் மனைவி இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் மறுபடி எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தார். இப்போது அந்தப் புதுச் சான்றிதழின் தேதியையும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது கட்டி, மறுத்தபோது திருப்பித் தந்த சுகாதாரக் கட்டணத்தையும் திரும்பக் கட்ட வேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து அது ஆண்டுக்கு 1,035 பவுண், 33 மாத விசாவை மூன்று ஆண்டாகக் கணக்கிட்டு 3,105 பவுண்.

காசு ஒருபக்கம் இருக்கட்டும். "தம்பி, வெண்டிட்டம் எண்டு சொன்னீங்கள், பிறகேன் இன்னும் விசா தரேல்லை?" என்று மாமி போனில் கேட்கிறாராம். ஊரில் வேறு கதை ஓடுகிறது: பெடியனுக்குக் கூப்பிட விருப்பமில்லை, சும்மா சாட்டுச் சொல்கிறான் என்று. தீர்ப்பின் பிரதியை அவன் வாட்ஸப்பில் அனுப்பினான். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருப்பதை யார் படிப்பது?

முன்பு இப்படி இருக்கவில்லை. தீர்ப்பை நிறைவேற்றப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் 2002ஆம் ஆண்டின் சட்டத்தில் தீர்ப்பாயத்துக்கு இருந்தது. 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் அதை எடுத்துவிட்டது. இன்று வென்றவர் தன் விசாவைக் கேட்க சொலிசிட்டர் மூலம் வழக்குமுன் கடிதம் (வழக்குப் போடுவோம் என்ற எச்சரிக்கை) அனுப்ப வேண்டும், அதற்கும் அசையாவிட்டால் நீதிமுறை மீளாய்வுக்கு, அதாவது அரசு செய்வது சட்டப்படி சரியா என்று கேட்கும் இன்னொரு வழக்குக்கு, போக வேண்டும். ஒரே உரிமைக்கு இரண்டு வழக்கா? இரண்டாவதுக்குச் செலவழிக்க எத்தனை பேரிடம் காசு இருக்கிறது?

பாதுகாப்புச் சோதனைகள் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மேன்முறையீடு நடக்கும் காலத்திலேயே பெரும்பாலானதைச் செய்து முடிக்கலாமே. எடுத்த அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். தீர்ப்பிலேயே ஒரு தேதி போடட்டும். அந்தத் தேதிக்குள் சான்றிதழ் காலாவதியானால் புதுப்பிக்கும் செலவை அரசே ஏற்கட்டும். இங்கே வாக்குரிமை உள்ளவர்கள் உங்கள் தொகுதி எம்.பி.க்கு இதை எழுதுங்கள். காத்திருக்கும் குடும்பம் உங்களுக்குத் தெரிந்தால், அவர்கள் அனுமதித்தால், அவர்களுடைய தீர்ப்புத் தேதியையும் அதில் போடுங்கள்.