டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாத ஒரு வரி

எங்கள் திண்ணையிலிருந்து தோப்பு வாய்க்கால் மேடு வரைக்கும் 62 எட்டு. பக்கவாதம் வந்து நாலாவது மாதம், வலது காலை இழுத்து இழுத்து அப்பா அதை நடந்து முடித்தார். மேட்டில் நின்று திரும்பி எங்களைப் பார்த்த அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

போன ஜூனில் எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையும் பள்ளிக்கூடத் திறப்பும் ஒன்றாக வந்தன. பேரன் சளிக்காய்ச்சலோடு வந்தான். நாலாம் நாள் அப்பாவுக்கு. காலையில் எழுப்பப் போனால் வாய் மறுபடியும் கோணியிருக்கிறது, வலது கை துணி மாதிரி தொங்குகிறது. இன்னொரு ஸ்ட்ரோக் என்றே நினைத்து, பாலக்காட்டு எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு ஓடினோம்.

ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை. "காய்ச்சல் அடிச்சா மூளையில முன்னாடி அடிபட்ட இடம் மறுபடியும் சோர்ந்துபோகும்ங்க. காய்ச்சல் எறங்குனா திரும்பிரும்" என்றார் டாக்டர். (வீட்டிலேயே இப்படி முடிவு செய்து உட்கார்ந்துவிடாதீர்கள். வாய் கோணினால் உடனே ஓடத்தான் வேண்டும்.) வாய் திரும்பியது. ஆனால் நெஞ்சில் சளி இறங்கி 12 நாள் படுக்கை. வீட்டுக்கு வந்தபோது ஆள் பிடித்து 9 எட்டு.

அந்த டாக்டர்தான் கேட்டார், ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டிருந்தீர்களா என்று. அப்படி ஒன்று பெரியவர்களுக்கு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. முதல் ஆஸ்பத்திரி தந்த டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை, உப்பு, பிரஷர், பிசியோ எல்லாம் இருந்தது. இது மட்டும் இல்லை. எனக்கு அதில்தான் ஆற்றாமை.

ஊசி போட்டால் மரத்துப்போன கை எழும் என்று நான் சொல்லவில்லை. கையை எழுப்புவது தினமும் செய்கிற பயிற்சி. அந்தப் பயிற்சியைக் காய்ச்சல் வந்து குலைக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் ஊசி. வாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது சிரமம், இருமலுக்கும் வலுவிருக்காது, எதிர்ப்புச் சக்தியும் இறங்கியிருக்கும். நமக்கு மூன்று நாள் காய்ச்சல் அவர்களுக்கு நிமோனியா ஆகிறது.

மூச்சுக்குழாய்த் தொற்று வந்த முதல் மூன்று நாளில் பக்கவாத அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2004இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு சொல்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் சுமார் 40 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள்: ஃப்ளூ ஊசி போட்டவர்களிடம் பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஊசி போடுகிறவர்கள் பொதுவாகவே உடம்பைப் பேணுகிறவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் லேசான கணக்கில்லை.

"ஊசியாலதானே வாதமே வருது" என்று பக்கத்துத் தோப்புப் பெரியப்பா வாதிட்டார். கோவிஷீல்டு கொரோனா ஊசியால் ரத்தம் உறையலாம் என்று 2024இல் வந்த செய்தியின் பயம். அந்த ரத்த உறைவு நிஜம். ஆனால் மிக அரிது, ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது, அந்த வகைத் தடுப்பூசிக்கு உரியது. நம் ஊரில் வழக்கமாகப் போடும் ஃப்ளூ ஊசி செயலிழந்த வைரஸிலிருந்து வேறு விதமாகச் செய்வது. ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோகிரெல் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் போடலாம். மெல்லிய ஊசி, தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

வெளியில் போட்டால் ஆயிரம் ரூபாய்க்கு மேல். வருடாவருடம் போட வேண்டும். கூலிக்குப் போகிற வீட்டில் யாரால் முடியும்? பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (நோயாளிகளை வீட்டிலேயே பராமரிக்கும்) நர்ஸ் சேச்சி மாதாமாதம் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார். அந்தப் பையில் மே மாதத்திலேயே இந்த ஊசியும் இருக்கட்டும் என்று வார்டு மெம்பரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த மே மாதம் அப்பாவுக்கு நாங்களே காசு கொடுத்துப் போட்டோம். வலது கையாலேயே இடது கைச் சட்டையைச் சுருட்டப் பார்த்தார். இரண்டு மடிப்பு வந்தது. மூன்றாவதை நர்ஸ் மடித்துவிட்டார்.