கும்பல் அல்ல, கோர்ட்

1692 சேலம் சூனியக்காரி வழக்குகள் (அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நம்ம மாம்பழச் சேலம் இல்லை) பற்றிப் பேச்சு வந்தாலே, "அந்தக் காலத்து மூடநம்பிக்கை, ஊரே பைத்தியம் பிடித்து ஆடியது" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழியை ஊர்மேல் போட்டால் நீதிமன்றம் சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறது. அங்கே வாரன்ட் இருந்தது, ஜூரி இருந்தது, ஆளுநரே அமைத்த தனி நீதிமன்றம் இருந்தது. "இந்தம்மாவின் ஆவி வந்து என்னைக் கிள்ளியது" என்பதைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டதும் அதே நீதிமன்றம்தான். 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கில் தொங்கினார்கள். (எரித்தார்கள் என்று இன்னமும் எழுதுகிறார்கள். சேலத்தில் ஒருவரையும் எரிக்கவில்லை.)

ரெபெக்கா நர்ஸ் என்ற 71 வயது மூதாட்டியை ஜூரி முதலில் குற்றமற்றவர் என்றுதான் சொன்னது. புகார் சொன்ன பெண்கள் அலறினார்கள். தலைமை நீதிபதி ஸ்டௌட்டன், கிழவி சொன்ன ஒரு வார்த்தையைக் கவனித்தீர்களா என்று ஜூரியைக் கேட்டார். சாட்சி சொல்ல வந்த இன்னொரு கைதியைப் பார்த்து, "இவளும் எங்களில் ஒருத்திதானே" என்றிருந்தார் ரெபெக்கா. கூடச் சிறையில் இருப்பவள் என்ற அர்த்தத்தில். நீதிமன்றமோ, கூடச் சூனியம் செய்பவள் என்று எடுத்துக்கொண்டது. ஜூரித் தலைவர் விளக்கம் கேட்டபோது பதிலே வரவில்லை. ரெபெக்காவுக்குக் காது மந்தம், மனதில் துக்கம் வேறு. பிறகு இதை எழுதியே கொடுத்தார், ஆனால் தீர்ப்பு மாறிவிட்டது. ஜூலை 19 அன்று தூக்கு.

"ஆமாம், நான் சூனியக்காரிதான்" என்றவர்கள் தூக்கிலிருந்து பிழைத்தார்கள். இல்லவே இல்லை என்று நின்றவர்கள்தான் தூக்கில் செத்தார்கள். பிழைத்தாலும் சிறைச் செலவைக் கட்டினால்தான் வெளியே விடுவார்கள். அடிமைப் பெண் டிடுபாவுக்குக் கட்ட அவருடைய எஜமானர், ஒரு பாதிரியார், மறுத்துவிட்டார். வேறு யாரோ கட்டும்வரை ஓராண்டுக்கு மேல் உள்ளேயே கிடந்தார்.

ரெபெக்காவோடு தூக்கிலிடப்பட்ட சாரா குட், வீடு வீடாகக் கையேந்தியவர். அவர் கைக்குழந்தை சிறையிலேயே இறந்தது. நான்கைந்து வயது மகள் டாரதியும் சூனியக்காரி என்று பல மாதம் சங்கிலியில் கிடந்தாள். சாராவுக்கு எதிராகப் பேசியவர்களில் அவர் கணவர் வில்லியமும் ஒருவர். அதே வில்லியம் 1710இல் நஷ்டஈடு கேட்டு மனு போட்டார்: இருட்டறையில் பயந்து மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இன்றுவரை செலவு வைக்கிறாள் என்று. 30 பவுண்டு கிடைத்தது.

ஸ்டௌட்டன்? கடைசிவரை வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிற்பாடு சில ஆண்டுகள் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார்.