காசு கேக்குற ஆளுக்கும் சம்பளம் குடுக்கத்தான் வேணும்

பழைய மாணவர் சங்கத்துல இருந்து கோல் வந்தா எடுக்காம விடுறவங்க நம்மள்ல எத்தன பேர்னு எனக்குத் தெரியும். எங்க பெட்ச் வட்ஸ்அப் குரூப்பயே எடுத்துக்கங்க, காலையில குட் மோர்னிங் பூ, மத்தியானம் பழைய ட்ரிப் போட்டோ, ராவுல அரசியல் சண்டைன்னு ஓயாம ஓடிக்கிட்டு கெடக்கும், யாராச்சும் ஒரு பேங்க் அக்கவுண்ட் நம்பர போட்டு "முதல் வருஷப் புள்ளைங்க ரெண்டு பேருக்கு போர்டிங் காசு கட்டணும்"னு எழுதினா மட்டும் ஒரு சத்தமும் இருக்காது. அடுத்த நாள் எவனாச்சும் மெதுவா கிரிக்கெட் ஸ்கோர போடுவான், அப்புறம் எல்லாரும் வெளிய வருவாங்க. அக்கவுண்ட் நம்பர் போட்டவன பத்தி வேற குரூப்ல பேச்சு நடக்கும், "இவனுக்கு இதே பொழப்பு"ன்னு.

இந்த பொழப்ப பத்தித்தான் எழுதப் போறேன். நீளமா வரும், டீ ஊத்திக்கிட்டு வாங்க.

வெளிநாட்டு பல்கலைக்கழகங்கள்ல இது நெசமாவே சம்பளம் வாங்குற ஒரு வேல. தனி ஒபிஸ் இருக்கும். படிச்சு முடிச்சு போனவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தேடுறதுக்கு ஆள், யாருக்கு எவ்வளவு குடுக்க வசதி இருக்குன்னு வெவரம் சேக்க ஆள், பெரிய புள்ளிகள வருஷக்கணக்கா போய்ப் பாத்து பேசிப் பழக ஆள், குடுத்த காசு என்னாச்சுன்னு குடுத்தவங்களுக்கு எழுதுறதுக்கு மட்டுமே கூட ஆள். அமெரிக்காவுல வில்லியம்ஸ் கொலேஜோட பழைய மாணவர் சங்கம் ஆரம்பிச்சது 1821ல. நம்ம மலையக ஆளுங்க இந்தியாவுல இருந்து இலங்கை கோப்பித் தோட்டத்துக்கு வந்ததுக்கு நாம வச்சிருக்குற கணக்கு 1823, அதத்தான் 2023ல மலையகம் 200ன்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்தாங்க. நம்ம பூட்டன் இங்க காடு வெட்டத் தொடங்குறதுக்கு முன்னாலயே அங்க படிச்ச ஆளுங்க "நம்ம கொலேஜுக்கு என்ன செய்யலாம்"னு கூட்டம் போட்டுட்டாங்க. ஹார்வர்ட் கையில இருக்குற நிதி மட்டும் 5000 கோடி டொலருக்கு மேல. அதனால அவங்களயும் நம்மளயும் தராசுல வைக்காதீங்க, நான் வைக்கல.

ஆனா ஒரு விஷயம் மட்டும் எடுத்துக்கலாம். மைக்கல் புளூம்பேர்க் 2018ல ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு 180 கோடி டொலர் குடுத்தாரு, வசதி இல்லாத புள்ளைங்க படிக்கிறதுக்காக. உலகமே பேசிச்சு. அதே மனுஷன் 1964ல படிச்சு முடிச்சு அடுத்த வருஷம் அதே எடத்துக்கு குடுத்தது 5 டொலர். எனக்கு அந்த 5 டொலர் மேலதான் கண்ணு. யாரோ ஒரு கிளார்க் அத ஒழுங்கா பதிஞ்சு வச்சதாலதான இன்னைக்கு வரைக்கும் அந்தக் கணக்கு பேசப்படுது. நம்ம ஊர்ல ஒரு பையன் மொத சம்பளத்துல 500 ரூபா கொண்டாந்து குடுத்தா அத வாங்குறதுக்கு ஒரு மேச இருக்கா, ரசீது எழுத ஆள் இருக்கா?

கனடாவுல என் அக்கா மக கெம்பஸ்ல படிக்கிறப்ப பார்ட் டைம்மா இந்த வேல செஞ்சா. பின்னேரமானா ஹெட்போன மாட்டிக்கிட்டு பழைய மாணவங்களுக்கு ஒருத்தர் விட்டு ஒருத்தரா கோல் எடுக்கணும், மணித்தியாலத்துக்கு இவ்வளவுன்னு சம்பளம். "மொதல்ல பெருசா ஒரு தொக கேக்கணும் மாமா, முடியாதுன்னா அதுல பாதி, அதுவும் முடியாதுன்னா மாசம் ஒரு தேத்தண்ணிக் காசு, அதுக்கு மேல கெஞ்சக் கூடாது"ன்னு சொன்னா. பாதிப் பேர் ஏசுவாங்களாம், "நான் படிக்க வாங்குன கடனே இன்னும் கட்டி முடியல"ன்னு. ஒரு வயசான அம்மா மட்டும் தான் இருந்த ஹொஸ்டல பத்தியும் முட்டி வலிய பத்தியும் நெறைய நேரம் பேசிட்டு சதம் கூட தராம வச்சுட்டாங்களாம், இவ பயந்துக்கிட்டே சூப்பர்வைசர்கிட்ட சொன்னா அவரு, பரவாயில்ல, அந்த முட்டி வலியயும் எழுதி வை, அடுத்த வருஷம் பேசுற ஆள் மொதல்ல அத வெசாரிக்கட்டும்னு சொன்னாராம். இத கேட்டு தந்திரம்னும் சொல்லலாம். நான் அக்கறைன்னுதான் சொல்லுவேன், சரி, பாதித் தந்திரம்.

நம்ம ஆளுங்களுக்கு இந்த வித்த தெரியாதுன்னு யாரும் சொல்லிடாதீங்க. தோட்டத்துல திருவிழா வசூல பாத்திருக்கீங்கல்ல. கோயில் கமிட்டி தலைவருக்கு எந்த லயத்துல, அதான் தோட்டத்து வரிச வீட்டுல, யாரு மவன் கொழும்புல கடையில நிக்கிறான், யாரு மக வெளிநாடு போயிருக்கா, யாரு வீட்டுல இந்த வருஷம் சாவு விழுந்துச்சு, அதனால யார்கிட்ட கேக்கக் கூடாதுன்னு எல்லாம் அத்துப்படி. சம்பள நாள் 10ம் தேதின்னா 10ம் தேதி பின்னேரம்தான் கொப்பியோட வருவாரு, 9ம் தேதி வரமாட்டாரு. கோயில் காச செக்ரோல்லயே, அதாவது சம்பளப் பதிவுலயே, பிடிக்கிற தோட்டமும் இருக்கு. திருவிழா அன்னைக்கு மைக்ல பேர் வாசிக்கிறப்ப 5000 குடுத்தவர் பேரும் வரும், 100 ரூபா குடுத்த பாட்டி பேரும் வரும். வெள்ளக்காரன் பெரிய படிப்பா படிக்கிற சங்கதிய இவரு தலப்பாகைய கட்டிக்கிட்டு செஞ்சுட்டுப் போறாரு. தேருக்கு குடுக்குற அதே ஆளு கெம்பஸ் புள்ளைக்கு குடுக்க மாட்டேங்குறான்னா அவன் கஞ்சன்னு அர்த்தமில்ல, அவன்கிட்ட யாரும் ஒழுங்கா வந்து கேக்கலன்னுதான் அர்த்தம்.

ஏன் கேக்கலன்னா, அவன் லிஸ்ட்லயே இல்ல. இதத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தது.

ஒரு கெம்பஸ் ஒபிஸ்ல (எதுன்னு கமெண்ட்ல கேக்காதீங்க, அங்க வேல செய்யிற ஆளுக்கு வம்பு வேணாம்) பழைய மாணவர் வேலைய பாக்குற ஒரு அக்காவ எனக்குத் தெரியும். அந்த வேலைக்குன்னு போட்ட ஆள் இல்ல, அவங்களுக்கு வேற பைல் வேல மலையா இருக்கு, இது மேலதிகமா தலையில கட்டுனது. கம்பியூட்டர்ல ஒரு எக்செல் இருக்கு, ஆனா நெசமான லிஸ்ட் அவங்க கையால எழுதுன தடிச்ச சி.ஆர். கொப்பியிலதான் இருக்கு, ஓரமெல்லாம் பிஞ்சு டேப் ஒட்டி. கோல் எடுக்குறது சொந்த போன்ல, ரீலோட் போடுறது சொந்தக் காசுல. அந்தக் கொப்பிய ஒருக்கா பெரட்டிப் பாத்தேன். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் ஆளுங்களுக்கு வீட்டு நம்பர், ரோட்டுப் பேர். நம்ம புள்ளைங்க பேருக்கு நேரா "மேல் பிரிவு, இன்ன தோட்டம், இன்ன ஊர்". அவ்வளவுதான். போன் நம்பர் பல எடத்துல தோட்டத்துக் கடை நம்பர். லயத்து வீட்டுக்கு தனி விலாசம் கெடையாது, கடுதாசி தோட்ட ஒபிஸுக்குப் போயி அங்க இருந்து யார் கையிலயாவது குடுத்து விட்டாத்தான் வீடு வந்து சேரும்ங்குறது உங்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்ல, இன்டர்வியூ லெட்டர் திகதி முடிஞ்சு கைக்கு வந்த கத ஒவ்வொரு தோட்டத்துலயும் இருக்கு. அப்படி இருக்க பட்டமளிப்பு முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சு சங்கத்துல இருந்து போட்ட அழைப்பிதழ் எங்க போயி சேரும்?

இதுக்கு மேல பேர் கொழப்பம் வேற. அப்பா பேர் இனிஷியல் சிங்களத்துல ஒரு மாதிரி, ஆங்கிலத்துல ஒரு மாதிரி, ஐடி கார்ட்ல வேற மாதிரி. பொம்பளப் புள்ளைங்க கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல மாத்திட்டா முடிஞ்சுது. அந்த அக்கா என்ன செய்யிறாங்கன்னா பட்டமளிப்பு அன்னைக்கு வெளிய ஒரு மேச போட்டு ஒக்காந்து, கவுன் போட்ட புள்ளைங்கள கூப்புட்டு "சொந்த நம்பர் ஒன்னு, வீட்டுல மாறாத ஆள் யாராவது இருந்தா அவங்க நம்பர் ஒன்னு"ன்னு எழுதி வாங்குறாங்க. பெத்தவங்க பட்டுச் சேலையில வெயில்ல நிக்கிறாங்க, போட்டோக்காரன் கத்துறான், புள்ள அவசர அவசரமா எழுதிட்டு ஓடுது. இந்த மேச போடச் சொல்லி எந்த சர்க்குலரும் கெடையாது.

இப்ப ஒரு கூட்டம் வரும், "1945ல கல்வி மந்திரி கன்னங்கரா இலவசக் கல்வி குடுத்துட்டாரு, அப்புறம் எதுக்கு வசூல்"னு. நியாயமான கேள்விதான். மொதல்ல, அந்த இலவசக் கல்வி நம்ம தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேந்தது 70கள்ல அரசாங்கம் பொறுப்பெடுத்த பெறகுதான், அதுவும் உருண்டு பெரண்டு. ரெண்டாவது, கெம்பஸ்ல பாடம் இலவசம், சோறு இலவசம் இல்ல. நம்ம புள்ளைங்க பேராதனைக்கு மட்டுமா போவுது, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில்னு எங்கெங்கயோ இசட் ஸ்கோர், அதான் கெம்பஸ் எடம் தீர்மானிக்கிற பரீட்சப் புள்ளி, தூக்கி வீசுது. கெம்பஸ் புள்ளைங்களுக்கு மாசாமாசம் குடுக்குற மகாபொல உதவிப் பணத்த 2025 பட்ஜெட்ல 7500 ரூபா ஆக்குனாங்க, சந்தோஷம், ஆனா அது மொத மாசமே கைக்கு வராது. அந்த இடைப்பட்ட மாசங்கள்லதான் புள்ள ஒரு வேள பாணும் பிளேன்டீயுமா ஓட்டுது, வீட்டுக்கு போன் எடுத்து "சாப்புட்டேன்மா"ன்னு சொல்லுது. 2024ல நாட்சம்பளம் 1350 ஆன வீட்டுல இருந்து இதுக்கு மேல என்னத்த அனுப்புறது. பழைய மாணவர் காசு போக வேண்டியது இந்த ஓட்டைக்குத்தான். கட்டடம் கட்டுறது, கூர மாத்துறது, லெக்சரர் போடுறது எல்லாம் திறைசேரி வேல, அதுக்கு நம்மகிட்ட உண்டியல் நீட்டுனா நான் ஒரு சதமும் தர மாட்டேன், தந்தா அடுத்த பட்ஜெட்ல அத சாட்டியே வெட்டுவாங்க.

சரி, சங்கம் இல்லாமலே நேரா ஒரு புள்ளைக்கு அனுப்பிடலாமேன்னு சொல்லுறவங்களும் இருக்காங்க. நல்ல மனசு, ஆனா எனக்கு உடன்பாடு இல்ல. நம்ம சனம் இருநூறு வருஷமா எல்லாத்தயும் ஒரு ஆளோட கையில இருந்துதான் வாங்கியிருக்கு, கங்காணி கையில, தொர கையில, அப்புறம் தலைவர் கையில. தகரம் குடுத்தாலும் போட்டோ, சப்பாத்து குடுத்தாலும் போட்டோ. அந்தப் புள்ள சப்பாத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டு கேமராவ பாக்குற படத்த இதே பேஸ்புக்ல எத்தன தடவ பாத்துட்டோம். கெம்பஸ் வரைக்கும் போன புள்ளையயும் அதே மாதிரி ஒருத்தன் முன்னால நிப்பாட்டி "அண்ணன் உதவியால படிக்கிறேன்"னு சொல்ல வைக்கணுமா?

அந்த அக்கா மாதிரி ஆளோட வேலையோட மதிப்பு இங்கதான் இருக்கு. குடுக்குறவனுக்கும் வாங்குறவனுக்கும் நடுவுல அவங்க நிக்கிறாங்க. காசு அக்கவுண்ட்டுக்கு வருது, கமிட்டி வருமானம் பாத்து தெரிவு செய்யுது, புள்ளைக்கு யாரு காசுன்னு தெரியாது, குடுத்தவருக்கு எந்தப் புள்ளன்னு தெரியாது, எந்தத் துறையில எந்த வருஷம்னு மட்டும் எழுதிப் போடுவாங்க. ஒரு தடவ வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் நல்ல தொக தாறேன்னு சொல்லிட்டு, எங்க தோட்டத்துப் புள்ளைக்கு மட்டும்தான், பேரையும் படத்தையும் அனுப்புங்கன்னு நின்னாராம். அக்கா முடியாதுன்னுட்டாங்க. மேல இருந்து ஏச்சு விழுந்துச்சு, காச விட்டுட்டியேன்னு. காசு கேக்கத் தெரிஞ்ச ஆளு நெறைய பேர் இருக்காங்க, வேணாம்னு சொல்லத் தெரிஞ்ச ஆள்தான் கெடைக்கிறதில்ல.

இப்ப விஷயத்துக்கு வாறேன். எங்க பெட்ச்ல இந்த வருஷம் சேர்ற நிதியில ஒரு பங்க எடுத்து, பார்ட் டைம்மா ஒரு ஆள போட்டு, நம்ம மலையகத்துப் பழைய மாணவங்க லிஸ்ட்ட தோட்டம் தோட்டமா, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா சரி பண்ணலாம்னு ஒரு யோசன வந்துச்சு. பாதிப் பேர் எகிறிக் குதிச்சாங்க, "புள்ளைங்களுக்கு குடுத்த காசுல சம்பளமா"ன்னு. அந்தக் கோவம் எனக்குப் புரியுது, ஊர்ல சங்கம்னாலே காசு காணாமப் போற கத நெறைய. ஆனா சும்மா செய்யிற ஆள்கிட்ட கணக்கு கேக்க முடியாதுங்குறதயும் யோசிச்சுப் பாருங்க, "நான் இலவசமாத்தான செய்யிறேன்"னு ஒரே வார்த்தையில வாய அடச்சிடுவான். சம்பளம் வாங்குற ஆள்னா மாசக் கடைசியில எத்தன கோல், எத்தன பேர் கெடச்சாங்க, எத்தன ரசீது போச்சுன்னு கேக்கலாம், செய்யலன்னா மாத்தலாம். நம்மள்ல பெரும்பாலான ஆளுங்க வீட்டுல மொத பட்டதாரி, தம்பி படிப்பு, தங்கச்சி கல்யாணம், லயத்துல இருந்து ஒரு வீடுன்னு தலைக்கு மேல கெடக்கு, அவங்ககிட்ட போயி லட்சம் கேட்டா ஓடத்தான் செய்வாங்க. மாசம் 500ன்னு கேட்டு, 500க்கும் ரசீது குடுத்து, வருஷ முடிவுல என்னாச்சுன்னு ஒரு பக்கம் எழுதி அனுப்ப ஒரு ஆள் வேணும், அந்த ஆளும் சாப்புடணும்.

ஞாயித்துக்கிழம சூம்ல கூட்டம். நான் சம்பளம் குடுக்கத்தான் கை தூக்குவேன். அதுவரைக்கும் எதிர்க்கிறவங்க இங்கயே வந்து ஏசலாம், ஏசுறவங்க போற போக்குல உங்க இப்போதைய போன் நம்பர இன்பொக்ஸ்ல போட்டுட்டுப் போங்க, லிஸ்ட்ல பாதி நம்பர் வேல செய்யுதில்ல.