‘ஜாங்சாரி’ கற்பனைக் கதையல்ல

‘ஜாங்சாரி போர்’ (2019) என்ற தென்கொரியப் படத்தில் வரும் மாணவர் படை கட்டுக்கதை, படம் காட்டுவது கொரியப் போரில் ஐ.நா. படைகள் கடல்வழியே வந்து இறங்கிய இஞ்சியோன் தரையிறக்கத்தைத்தான் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

இஞ்சியோன் இருப்பது கொரியாவின் மேற்குக் கரை. ஜாங்சாரி கிழக்குக் கரை. 1950 செப்டம்பரில், இஞ்சியோனிலிருந்து வடகொரியப் படையின் கவனத்தைத் திருப்பவே இங்கே 772 பேர் அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள், பெற்ற பயிற்சி ஏறக்குறைய 2 வாரம். புயலில் ‘முன்சான்’ கப்பல் கரையருகே தரைதட்ட, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே அலையில் குதித்துக் கரையேறினார்கள்.

படத்தில் கற்பனைப் பாத்திரங்கள் உண்டுதான். அந்தப் பிள்ளைகள் உண்மை. ஜாங்சா கடற்கரையில் இன்றும் அந்தக் கப்பலின் மாதிரி நினைவிடமாக நிற்கிறது.