பத்திரத்தோடு ஒரு கடிதமும் வர வேண்டும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 11 ஏக்கர் வாங்கி விவசாயத்தில் இறங்கிய முதல் ஆண்டு, கையிலிருந்த சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு பாலித்தீன் பசுமைக்குடில் எழுப்பினோம். கடைசிக் குழாயையும் நட்டு முடித்த பிறகுதான் பக்கத்துப் பண்ணைப் பெரியவர் சொன்னார், இதற்கு அரசு பணம் தருகிறதே என்று.

உண்மைதான். மத்திய வேளாண் துறையின் 'ஈக்விப்' (EQIP) என்ற சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டத்தில் இப்படிப்பட்ட பசுமைக்குடிலுக்கு உதவி உண்டு. விவசாயத்துக்கு வந்து 10 ஆண்டுகள் தாண்டாதவர்களுக்குச் செலவில் 90 சதவீதம் வரைகூடக் கிடைக்கலாம். அதில் பாதியை முன்பணமாகவும் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் தொடங்கிவிட்ட வேலைக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தலைமுறை தலைமுறையாக இங்கே உழுபவர்களுக்கு இதெல்லாம் வாய்வழியாகவே தெரிந்துவிடுகிறது. புதிதாக வருபவனுக்கும் குத்தகைக்காரனுக்கும் யார் சொல்வார்கள்? நிலம் கைமாறுவது கவுண்டிப் பதிவு அலுவலகத்துக்குத் தெரியும். பதிவான பத்திரத்தைத் திருப்பி அனுப்பும்போது ஒரு பக்கக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினால் என்ன? வேளாண் துறைச் சேவை மையத்தின் முகவரி, முதலில் அங்கே நிலத்தைப் பதிந்து பண்ணை எண் வாங்க வேண்டும் என்ற விவரம், ஒப்பந்தத்துக்கு முன் வேலையைத் தொடங்காதீர்கள் என்ற எச்சரிக்கை. இந்த மூன்றும் போதும்.

சேவை மையத்துக்கு நான் தாமதமாகப் போனாலும் போனது வீண்போகவில்லை. மண் பாதுகாப்பு அலுவலர் கட்டணம் எதுவுமின்றி நிலத்துக்கே வந்தார். உழுத வயலிலிருந்து ஒரு மண்கட்டி, வேலியோரப் புல்லடியிலிருந்து ஒரு மண்கட்டி எடுத்து, தண்ணீர் நிறைந்த இரண்டு கண்ணாடி ஜாடிகளில் போட்டார். வயல் மண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொலபொலவென்று உதிர்ந்தது. தண்ணீர் செக்கச்செவேலென்று ஆனது. புல்லடி மண்ணோ கட்டியாகவே கிடந்தது. மழை பெய்தால் எங்கள் நிலம் எங்கே போகிறது என்பதை அந்த ஜாடியில் பார்த்தேன். மண்ணை மூடிக் காக்க விதைக்கும் மூடுபயிராக அவர் சொன்னவற்றில் ஒன்று சணப்பு! என் தாத்தா பூக்கும் பருவத்தில் மடக்கி உழுத அதே சணப்பு.

மண் அரிப்பைத் தடுக்க 1935-இல் இந்த நாட்டில் சட்டம் வரப் போராடிய ஹியூ ஹாமண்ட் பென்னெட் இதே மாநிலத்தின் ஆன்சன் கவுண்டியில் பிறந்தவர். நாட்டின் முதல் மண் பாதுகாப்பு மாவட்டமான பிரவுன் கிரீக் 1937-இல் அங்கேதான் அமைந்தது. உள்ளூர் விவசாயியே முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக உருவான அமைப்புதான் இந்த மண் பாதுகாப்பு மாவட்டம். அது இருப்பதே உள்ளூர் விவசாயிக்குத் தெரியாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே நிலம் வாங்கியிருக்கும் நண்பர்களே, ஆணி ஒன்று வாங்குவதற்கு முன்பே பத்திரத்தையோ குத்தகை ஒப்பந்தத்தையோ எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். அந்த ஒரு பக்கக் கடிதத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் மண் பாதுகாப்பு மாவட்ட வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன்.