தண்ணிக்கு எங்கே போவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பற்றி இரண்டு நாளாக ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். யார் சொன்னது, எந்தத் தொனியில் சொன்னது என்று நான் மறுபடி ஆரம்பிக்கப் போவதில்லை. தன் கதைக்காக ஒரு கற்பனை நிலத்தை வரைபடமாக வரைந்து வந்து விளக்க ஆரம்பித்த ஒரு பெண்ணிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம் போதும். "கற்பனை ஊர்தானே அம்மா, அதில் ஆறு எப்படி ஓடினால் என்ன? மனிதர்களைப் பற்றி எழுதுங்கள்."

அரங்கம் சிரித்தது. அந்தப் பெண் தன் வரைபடத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் கூட்டம் முடியும்வரை அவர் வாயே திறக்கவில்லை. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த உறுத்தல் இரண்டு நாளாகப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் வரைந்து வந்தது என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும். சிரித்தவர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை. மேட்டு நிலத்தின் நடுவே ஒரு பெரிய ஏரி. மூன்று ஆறுகள் அதில் வந்து விழுகின்றன. வெளியே போக வழி கிடையாது. வந்த தண்ணீர் ஆவியாகிவிடும், அது கரைத்துக் கொண்டுவந்த உப்பு தங்கிவிடும். அதனால் ஏரி கரிக்கிறது. ஊர்கள் ஏரிக்கரையில் இல்லை, ஆற்றின் மேல்பக்கம் தள்ளி இருக்கின்றன. ஏரிக்கரையில் இருப்பது உப்பு வாரும் ஒரு கூட்டம் மட்டும். ஆற்று மக்கள் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். ஆனால் அவர்கள் வாரிய உப்பு இல்லாமல் ஒரு வேளையும் சாப்பிட முடியாது.

இதில் மனிதர்கள் இல்லையா ஐயா? அவர் பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் மேலே இருக்கிறவன் வாய்க்கால் வெட்டினால் கீழே என்ன ஆகும் என்பதற்கும் வந்திருப்பார்.

அது உண்மையிலேயே நடந்திருக்கிறது. மத்திய ஆசியாவின் ஆரல் கடல் ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. அதற்கும் வெளியே போகும் ஆறு கிடையாது. அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளை நம்பி இருந்தது. 1960களிலிருந்து அந்தத் தண்ணீரைப் பெரிய அளவில் பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். ஏரி சுருங்கிப்போனது. மொய்னாக் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் இன்று கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. கடல் எங்கோ போய்விட்டது. ஆறு எப்படி ஓடினால் என்ன என்று அந்த ஊரில் நின்று யாரும் கேட்க முடியாது.

நிலம் முதலில். மக்கள் அதிலிருந்துதான் வருகிறார்கள். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. நம் பழைய இலக்கணக்காரர்கள் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தார்கள். தெய்வம், உணவு, தொழில், பறவை, விலங்கு எல்லாம் கருப்பொருள். அதற்குப் பிறகுதான் கூடலும் பிரிவும் இருத்தலும். அவர்களும் மனிதர்களைப் பற்றித்தான் எழுதினார்கள். நிலத்தை விட்டுவிட்டு எழுத முடியாது என்று தெரிந்திருந்தார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு நாடு வரைந்தேன். பெயர் ஏழ்கரை. கிழக்குக் கடலில் கிளம்பி மேற்குக் கடலில் முடிகிற ஓர் ஆறு. தெற்கே பாலைவனம், அதன் நட்ட நடுவில் ஏழு கோபுரங்களோடு தலைநகரம். அரசர்கள் மட்டும் நாற்பது பேர், எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, படிக்கிற நேரத்தில் இது எதற்கு என்றும் சொல்லவில்லை. தலைநகரத்தின் மேல் விரலை வைத்து, "இந்த ஊர்க்காரங்க தண்ணிக்கு எங்க போவாங்க?" என்று கேட்டார்.

ஆற்றைக் காட்டினேன். "இவ்வளவு தூரமா? சரி, அந்த ஆறு எங்கேருந்து வருது?" கடலிலிருந்து என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தார். அவ்வளவுதான்.

ஒரு வாரம் அந்த நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஆறு உயரத்திலிருந்துதான் வர வேண்டும், ஆகவே நடுவில் ஒரு மலைத்தொடர் வைத்தேன், நெடுவரை. மேகம் மேற்குக் கடலிலிருந்து வருகிறது என்று முடிவு செய்தேன். மலையில் மோதி மேற்கே மழை கொட்டிவிட்டால் கிழக்கே ஒன்றும் மிஞ்சாது. அதற்கு மழைமறைவு என்று பெயர் இருப்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மேற்கே பயிர், கிழக்கே ஆட்டு மந்தை. இவர்களுக்குத் தானியம் வேண்டும், அவர்களுக்குக் கம்பளி வேண்டும். ஆகவே மலையில் ஒரு கணவாய். கணவாய் என்றால் அதைக் காக்கிறவர்கள் வேண்டும். இரண்டு பக்கத்து மொழியும் பேசுவார்கள், இரண்டு பக்கமும் அவர்களை நம்பாது. நாற்பது அரசர்களையும் மறந்துவிட்டேன். அந்தக் கணவாய்க்காரர்களை இன்றுவரை மறக்க முடியவில்லை. அவர்களை நான் யோசித்து உண்டாக்கவில்லை, மலை கொடுத்தது.

பாலைவனத்தில் ஊரே கூடாது என்று நான் சொல்வதாக யாராவது வருவீர்கள். சொல்லவில்லை. ஊர் இருக்கட்டும், காரணம் இருக்க வேண்டும். சகாராவில் தகாசா என்று ஓர் ஊர் இருந்தது. இப்னு பதூதா என்ற பயணி 1352இல் அதன் வழியாகப் போனார். வீடுகளும் பள்ளிவாசலும் உப்புக் கட்டிகளால் கட்டியவை, கூரை ஒட்டகத் தோல். மரம் என்று ஒன்று இல்லை. தண்ணீரும் கரிக்கும். அடிமைகள் உப்பு வெட்டினார்கள். அவர்கள் சாப்பிடுகிற பேரீச்சையும் தானியமும் பாலைவனத்தைக் கடந்து வந்தாக வேண்டும். அந்த இடத்தில் மனிதன் வாழ்ந்ததற்கு உப்பு ஒன்றுதான் காரணம். அந்தக் காரணம் தெரிந்தவுடன் அங்கே யாருக்கு எதிராக யார், யார் யாரை நம்பி உயிரோடு இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. கோபுரம் வரைந்தால் இது தெரியாது.

"மாயம் இருக்கிற உலகத்தில் தண்ணீர் மேலே ஏறாதா?" ஏறட்டும். அதை ஏற்றத் தெரிந்தவன் அடுத்த நாளே அந்த மலையின் அரசன். அவனிடம் எல்லா ஊரும் கை கட்டி நிற்கும். அதைக் கதையில் காட்டினால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. தண்ணீர் மேலே ஏறுகிறது, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

"ஆறு இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கம் போகவே கூடாதா?" போகலாம். ஆறுகள் சேர்ந்துகொண்டே போகும், கழிமுகத்தில்தான் பிரியும் என்பது பொது விதி. ஆனால் தென் அமெரிக்காவில் ஒரினோகோ ஆறு நடுவழியிலேயே பிரிகிறது. அதன் ஒரு கிளையான காசிகியாரே 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி ரியோ நீக்ரோ வழியாக அமேசானில் சேருகிறது. இதை ஐரோப்பாவில் பலர் நம்பவில்லை. 1800இல் ஹம்போல்ட் என்ற ஜெர்மன் ஆய்வாளர் படகிலேயே போய் உறுதிப்படுத்தினார். இரண்டு பெரிய ஆற்றுப் படுகைகள் தண்ணீராலேயே இணைந்திருக்கின்றன. உங்கள் நாட்டில் அப்படி ஓர் ஆறு இருந்தால் அது பெரிய சொத்து. அதை வைத்துப் போர் நடக்கும், வணிகம் நடக்கும். தெரியாமல் வரைந்துவிட்டு விதிவிலக்கு என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

"வாசகர் வரைபடமா பார்க்கிறார்?" பார்க்க வேண்டாம். எழுதுகிறவர் பார்த்தால் போதும்.

கற்பனை நிலம் யாரையும் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று. 1798இல் ஜேம்ஸ் ரென்னல் என்ற ஆங்கிலேய வரைபடக்காரர் மேற்கு ஆப்பிரிக்காவின் வரைபடத்தில் காங் மலைகள் என்று ஒரு நீண்ட தொடரைப் போட்டார். நைஜர் ஆறு ஏன் தெற்கே கடலுக்குப் போகாமல் கிழக்கே போகிறது என்பதற்கு அந்த மலை பொருத்தமாக இருந்தது. அப்படி ஒரு மலைத்தொடரே அங்கே இல்லை. 1880களின் கடைசியில் பின்ழே என்ற பிரெஞ்சு அதிகாரி நேரில் போய் இல்லை என்று சொல்லும்வரை, கிட்டத்தட்ட 90 ஆண்டு, வரைபடம் வரைந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் அதை வரைந்துகொண்டே இருந்தார்கள்.

மலையாவது பரவாயில்லை. மக்களையும் இப்படித்தான் வரைந்தார்கள். 1300ஐ ஒட்டி ஒரே கன்றுத்தோலில் வரைந்த, இங்கிலாந்தின் ஹெரிஃபர்ட் உலகப்படத்தின் ஓரத்தில், தலை இல்லாமல் மார்பில் முகம் உள்ள மனிதர்களைப் பார்க்கலாம். வரைந்தவர் போகாத ஊர்க்காரர்கள் எல்லாம் அந்த ஓரத்தில் அரக்கர்களாக நிற்கிறார்கள். 700 வருடம் ஆகியும் நாம் அதைத்தான் செய்கிறோம். கற்பனை நாடு என்றால் மலை மக்கள் மொத்தப் பேரும் மூர்க்கர்கள், பாலை மக்கள் மொத்தப் பேரும் திருடர்கள், காட்டு மக்கள் மொத்தப் பேரும் மந்திரம் தெரிந்தவர்கள். நல்லவன், கெட்டவன், சந்தேகப்படுகிறவன், காதலிக்கிறவன் எல்லாம் தலைநகரத்தில் மட்டும். இதைப் படிக்கும்போது எனக்கு வலிக்கிறது. மனிதர்களைப் பற்றி எழுதச் சொல்கிறவர்களும் இதற்குக் கைதட்டுகிறார்கள்.

பப்புவா நியூ கினியில் 800க்கு மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. மலையும் காடும் சதுப்பும் ஊர்களைப் பிரித்து வைத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அங்கே உயரமான பள்ளத்தாக்குகளில் பத்து லட்சம் அளவுக்கு மக்கள் விவசாயம் செய்து வாழ்ந்தது 1930களில்தான் வெளியுலகத்துக்கே தெரிந்தது. மலைவாசிகள் என்று ஒரே சொல்லில் அவர்களை எப்படி அடைப்பீர்கள்? தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் ஒரே சமூகம் உயரத்தில் உருளைக்கிழங்கும் இடைச்சரிவில் மக்காச்சோளமும் கீழே கோகாவும் பயிரிட்டு, ஆட்களை மூன்று மட்டத்திலும் குடிவைத்து வாழ்ந்தது. கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகல் வெயிலில் காயவைத்து வருடக்கணக்கில் சேமித்தார்கள். அவர்களை முரட்டுக்கூட்டம் என்று எழுதுகிறவர் அந்த மலையைப் பார்க்கவே இல்லை.

கடைசியாக, வரைபடம் வரைகிறவர்கள் கதையை எழுதி முடிப்பதே இல்லை, இது தள்ளிப்போடுகிற வேலை என்கிறார்கள். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஏழ்கரையைப் பற்றி நான் ஒரு கதையும் முடித்ததில்லை. அந்த நோட்டும் வீடு மாறும்போது பழைய தாள்களோடு போய்விட்டது. அம்மாவும் இப்போது இல்லை. ஆனாலும் ஒரு வீட்டைப் பார்த்தால் அங்கே இருப்பவர்கள் எதை நம்பி வாழ்கிறார்கள் என்று யோசிக்கிற பழக்கம் எனக்கு அந்த நோட்டிலிருந்து வந்தது. அதை விளையாட்டு என்று சொல்லிச் சிரிக்க நான் யாரையும் விட மாட்டேன். அன்றைக்கு விட்டேன், அது என் தப்பு.

அந்தப் பெண் இதைப் படிக்கிறாரா என்று தெரியாது. படித்தால், அன்று நான் கேட்க நினைத்து வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்ட கேள்வியை இங்கே கேட்கிறேன். உங்கள் ஏரி கரிக்கிறது. ஆற்றங்கரைக்கு உப்பு வாருகிறவர்களை யாரும் விட மாட்டார்கள் போலிருக்கிறது. அவர்கள் தண்ணிக்கு எங்கே போகிறார்கள்?